பழைய டர்போ வண்டி டீசலைக் குடிக்கிறதா? எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது



50 கிலோ சர்க்கரை மூட்டையில் அரைக் கிலோ குறைந்தால் நாம் சும்மா இருப்பதில்லை. உடனே மண்டிக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுகிறோம். ஆனால் அந்த மூட்டையை ரங்கே கவுடர் வீதியிலிருந்து ஏற்றி வந்த வண்டி மாதாமாதம் கூடுதலாகக் குடிக்கும் டீசலைப் பற்றி, "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எடைக் குறைவும் மைலேஜ் குறைவும் ஒரே இனம்தான். இரண்டும் நம் லாபத்திலிருந்து போகிறவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தால் 100 லிட்டர் போதும். அதே வண்டி 12 கொடுத்தால் 125 லிட்டர் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கூடுதல் 25 லிட்டருக்கு 2,300 ரூபாய். ஆண்டுக்கு 27,600 ரூபாய். மளிகையில் நூற்றுக்கு 3 ரூபாய் நிற்கும் சரக்கை விற்று அந்த 2,300 ரூபாயைச் சம்பாதிக்க, ஏறக்குறைய 77,000 ரூபாய்க்கு வியாபாரம் செய்தாக வேண்டும். மேலும் டீசல் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. ஆகவே உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. வீணாகும் ஒவ்வொரு லிட்டரும் முழுக்க நம் கைப்பணம்.

நம் வட்டாரக் கடைகளில் இன்று ஓடும் பழைய டீசல் வண்டிகளில் பெரும்பாலானவை டர்போ வண்டிகள். 2011இல் வந்த, ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் டர்போ வண்டி. பொலிரோ பிக்கப்பும் அப்படியே. 2007 முதல் விற்பனையான ஸ்விஃப்ட் டீசல் காரும் டர்போதான். மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலோடு டீசல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டதால், அந்தக் கார்கள் எல்லாம் இப்போது பழைய கணக்கில் வந்துவிட்டன. 2005இல் வந்த முதல் டாடா ஏஸில் டர்போ கிடையாது. அதை வைத்திருப்போருக்கு டர்போ பற்றிய பகுதி பொருந்தாது, மற்றவை பொருந்தும்.

டர்போ என்ன செய்கிறது?

கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதினால் கரி நன்றாகப் பிடித்து எரிகிறது அல்லவா? டர்போவும் ஒரு துருத்திதான். அதை ஊத ஆள் வேண்டாம், தனியாக மின்சாரமும் வேண்டாம். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையே ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. வீணாகப் போகும் புகையிலிருந்து வேலை வாங்குவதால்தான் சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் பாரத்தை இழுக்கிறது.

அழுத்தப்பட்ட காற்று சூடாகிவிடும். சூடான காற்று விரிந்து நிற்பதால் அதே இடத்தில் குறைவாகத்தான் அடங்கும். ஆகவே பல வண்டிகளில் ரேடியேட்டர் போன்ற ஓர் இன்டர்கூலர் வழியாக அது குளிர்ந்து போகிறது. ஏர் ஃபில்டர், டர்போ, இன்டர்கூலர், எஞ்சின் என்ற இந்தப் பாதை முழுவதும் ரப்பர் ஹோஸ்களாலும் கிளாம்புகளாலும் இணைக்கப்பட்டது. பத்து ஆண்டு வெயிலும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்ட ரப்பர் வெடிக்கும், கிளாம்பு தளரும். டர்போ ஊதிய காற்று பாதி வழியில் கசிந்துவிட்டால் வண்டி இழுக்காது. ஓட்டுகிறவர் கீழ் கியரிலேயே வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்துவார். டீசல் அங்கேதான் போகும்.

முதல் வேலை: அளப்பது

அளக்காமல் பழுது தேடக்கூடாது. ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்பில், தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்புங்கள். மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடிய பிறகு அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். 500 ரூபாய்க்கும் 1,000 ரூபாய்க்குமாகப் போட்டுக்கொண்டு, முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்வது கணக்கே அல்ல.

அத்துடன் மூன்று ஐயங்களை நீக்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, மீட்டர். டயர் மாற்றும்போது அளவு பெரியதாகப் போட்டிருந்தால், சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், மீட்டரோ பழைய தூரத்தையே காட்டும். சுற்றளவு நூற்றுக்கு 5 கூடினால் மைலேஜும் ஏறக்குறைய அந்த அளவு குறைந்ததுபோலத் தெரியும். மேட்டுப்பாளையம் சாலையில் 10 கிலோமீட்டரைக் கல் கணக்கிலோ செல்போன் வரைபடத்திலோ ஒத்துப் பாருங்கள். இரண்டு, பங்க். ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவு ஜாடி உண்டு. வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். நம் கடைத் தராசுக்கு முத்திரை போடும் எடையளவுத் துறைதான் அதற்கும் பொறுப்பு. கேட்பதற்கு நாம் கூச்சப்படத் தேவையில்லை. மூன்று, தடம். முன்பு துடியலூருக்கும் நகருக்கும் மட்டும் ஓடிய வண்டி இப்போது கோத்தகிரி, குன்னூர் லைனுக்கும் போகிறது என்றால் மைலேஜ் குறையத்தான் செய்யும். அது பழுது அல்ல. மலைக் கணக்கையும் சமவெளிக் கணக்கையும் தனித்தனியே எழுதுங்கள்.

இரண்டாவது வேலை: ஒரே ஒரு கேள்வி

அளந்து பார்த்து, குறைவு உண்மைதான் என்று தெரிந்துவிட்டால், வண்டியைத் தினமும் ஓட்டுகிறவரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள். "வண்டி முன்போலவே இழுக்கிறதா, இழுவை குறைந்திருக்கிறதா?" இந்தப் பதில்தான் பழுது எந்தப் பக்கம் என்று காட்டும். இழுவை அப்படியே இருந்து மைலேஜ் மட்டும் குறைந்தால் டர்போவைத் தொடவே வேண்டாம். இழுவையும் சேர்ந்து குறைந்தால்தான் காற்றுப் பாதையையும் டீசல் பாதையையும் பார்க்க வேண்டும்.

இழுவை குறையாமல் மைலேஜ் மட்டும் குறைந்தால்

1. டயரில் காற்று. கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவைப் பார்த்து, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். சரக்கு வண்டிக்குப் பின் டயர் அளவு வேறு, முன் டயர் அளவு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பிடிப்பது தவறு. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

2. பிரேக் பிடித்துக்கொண்டே இருத்தல். 10 கிலோமீட்டர் ஓடி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுடும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனலாக இருந்தால் அந்தப் பிரேக் விடவில்லை என்று பொருள். ஜாக்கி போட்டுக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும்.

3. தெர்மோஸ்டாட். நம் பக்கம் ஒரு பழக்கம் இருக்கிறது. வண்டி சூடாகிறது என்று போனால், சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனிமேல் சூடே ஆகாது" என்பார்கள். உண்மைதான். ஆனால் எஞ்சின் தன் சரியான சூட்டுக்கும் வராது. கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் அது எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து அதற்கேற்ற கணக்கில் டீசல் விடும். 15 கிலோமீட்டர் ஓடிய பிறகும் சூட்டு முள் வழக்கமான இடத்துக்கு ஏறாவிட்டால் இதைப் பாருங்கள். டர்போ விலையோடு பார்த்தால் இந்த வால்வின் விலை மிகச் சிறியது.

4. நின்றபடி ஓடுதல். சிறிய டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடினாலும் மணிக்கு அரை லிட்டர் வரை குடிக்கும், ஏ.சி. போட்டிருந்தால் இன்னும் கூடும். இறக்கும் இடத்தில் தினம் ஒரு மணி நேரம் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் 26 நாளில் 13 லிட்டர். முன்பு சொன்ன 25 லிட்டரில் பாதி இங்கேயே போய்விட்டது. மேட்டுப்பாளையம் சாலையில் மேம்பால வேலைகள் நடந்த நாட்களில் வண்டிகள் நின்று நின்று போனதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

5. கசிவு. இரவு வண்டி நிற்கும் இடத்தில் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கும் டேங்குக்கும் அடியில் போட்டு வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால் அதுவே சாட்சி.

6. கூடுதல் பாரம். காலி டிரேக்கள், பழைய தார்ப்பாய், விற்காத சரக்கு என்று 100 கிலோவைத் தினமும் ஊர்வலம் விடுகிறோமா என்று பாருங்கள்.

இழுவையும் குறைந்திருந்தால்

அப்போது புகையைப் பாருங்கள். பாரத்தோடு ஒரு மேட்டில் ஏறும்போது பின்னால் ஒருவர் இன்னொரு வண்டியில் வந்து கவனிக்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. கண்ணை மட்டும் நம்ப வேண்டாம் என்றால் புகைப் பரிசோதனைச் சான்றிதழ்களை எடுங்கள். டீசல் வண்டிச் சீட்டில் புகையின் அடர்த்தி எண்ணாக அச்சாகியிருக்கும். போன முறை இருந்த எண்ணைவிட இந்த முறை வெகுவாகக் கூடியிருந்தால், சான்றிதழ் கிடைத்துவிட்டாலும் ஏதோ கெட்டிருக்கிறது. பெரும்பாலோர் அந்தச் சீட்டைப் போலீசுக்குக் காட்ட மட்டுமே வைத்திருக்கிறோம். அது எஞ்சினின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

காற்றுப் பாதையை ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்க வேண்டும். தடாகம் பக்கச் செம்மண் புழுதியில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரை ஃபில்டர் தாங்காது. கம்ப்ரஸர் காற்றை வெளியிலிருந்து உள்ளாக வேகமாக அடித்தால் தூசி உள்ளே ஏறும், காகிதமும் கிழியும். கிழிந்த ஃபில்டர் வழியே போகும் மணல் டர்போ சக்கரத்தையே அரித்துவிடும். இரண்டு மாற்று ஃபில்டர் செலவை மிச்சம் பிடித்து டர்போவை இழப்பது வியாபாரம் ஆகாது.

அடுத்து ஹோஸ்கள். இன்டர்கூலருக்குப் போகும், வரும் ஹோஸ்களின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெடிப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் இருக்கும். இணைப்பைச் சுற்றிப் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அங்கே காற்று கசிகிறது. ஏறும்போது 'உஸ்' என்ற சத்தமோ விசிலோ புதிதாகக் கேட்பதும் அடையாளம். ஒர்க்‌ஷாப்பில் குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும், பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்குவதைப் போல. டர்போவைக் கட்டுப்படுத்தும் பென்சில் கனமுள்ள வேக்கம் டியூபையும் மறக்க வேண்டாம். அது வெடித்தால் நல்ல டர்போவும் ஊதாது.

அன்பர் ஒருவரின் பிக்கப் மேட்டுப்பாளையத்திலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி வரத் திணறியது. மைலேஜும் விழுந்தது. போன இடத்தில் டர்போ போய்விட்டது என்று பல ஆயிரத்துக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தபோது இன்டர்கூலர் ஹோஸின் அடியில் விரல் நீள வெடிப்பு. ஹோஸை மாற்றிய பிறகு அதே டர்போவோடு வண்டி இன்றும் ஓடுகிறது.

காற்று சரியாக இருந்தால் அடுத்து இ.ஜி.ஆர். வால்வு. புகையின் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் இந்த வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டால் நல்ல காற்றுக்கு இடமிருக்காது, கறுப்புப் புகை வரும். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். பிறகு டீசல் ஃபில்டர். அதற்குப் பிறகே இன்ஜெக்டர். இன்ஜெக்டர்களில் எது கெட்டது என்று ஊகிக்க வேண்டாம். ஒவ்வொன்றின் ரிட்டர்ன் டியூபிலும் ஒரு சிறு பாட்டிலை மாட்டி எஞ்சினை ஓட விட்டால், எதில் மட்டும் டீசல் அதிகம் சேர்கிறதோ அதுதான் குற்றவாளி. நான்கையும் மாற்றச் சொன்னால் இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கிளட்ச்சையும் இந்த இடத்தில் பார்த்துவிட வேண்டும். மேட்டில் மேல் கியரில் அழுத்தும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. டீசல் எரிந்த பலன் சக்கரத்துக்குப் போகவில்லை.

கடைசியில் டர்போ

இவ்வளவும் பார்த்த பிறகுதான் டர்போவைத் திறக்க வேண்டும். எஞ்சின் ஆறிய பின் ஏர் ஃபில்டர் பக்க ஹோஸைக் கழற்றினால் சிறு சக்கரம் தெரியும். விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கலாம், அது இயல்பு. முன்னும் பின்னும் கையில் தெரியும்படி அசைந்தாலோ, இறக்கைகள் கூட்டில் உரசிய தழும்பு இருந்தாலோ, இறக்கை நுனி அரித்திருந்தாலோ டர்போ வேலை முடிந்தது. ஹோஸில் லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆயில் குளமாகத் தேங்கி நின்றால், நீலப் புகையும் சேர்ந்து வந்தால், வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போங்கள். டர்போ வழியே வரும் ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் எஞ்சின் உறுமி ஓடும் ஆபத்து உண்டு.

டர்போ தானாகச் சாவது குறைவு. அதைக் கொல்வது ஆயில். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மீதுதான் மிதக்கிறது. ஆயில் மாற்றத் தாமதிப்பது, தரம் பார்க்காமல் மலிவு ஆயில் ஊற்றுவது, மலை ஏறி வந்த உடனே எஞ்சினை அணைப்பது ஆகிய மூன்றும் அந்தப் படலத்தைக் கெடுக்கும். நீண்ட ஏற்றம் முடிந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஓட விட்டு அணைத்தால் போதும். பத்து நிமிடம் வேண்டாம். புது டர்போ போடும்போது அதற்கு ஆயில் வரும் குழாயையும் சுத்தம் செய்து அல்லது மாற்றி, ஆயிலும் ஆயில் ஃபில்டரும் புதிதாக்கி, இன்டர்கூலரில் தேங்கிய பழைய ஆயிலை வடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் முதல் டர்போவைக் கொன்ற காரணமே இரண்டாவதையும் கொல்லும்.

ஓட்டுநர் மீது பழி போடும் முன்

மைலேஜ் குறைந்ததும் நம்மில் பலர் மனதில் முதலில் வருவது, "டிரைவர் டீசல் எடுக்கிறான்" என்ற எண்ணம். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பார்வையில் தெரிந்துவிடும். பத்து ஆண்டு நம் சரக்கையும் வசூல் பணத்தையும் நம்பிக்கையோடு கொண்டுவந்தவரை ஒரு வெடித்த ஹோஸுக்காகச் சந்தேகிப்பது பெரிய அநியாயம். அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. அவர் வேறு கடைக்குப் போனாலும் அந்தப் பேச்சு அவர் பின்னாலேயே போகும். ஆகவே மேலே சொன்ன அளவையும் சோதனையையும் அவரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். நிரப்பிய லிட்டரையும் கிலோமீட்டரையும் அவர் கையாலேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வண்டியின் சத்தம் மாறியது முதலில் தெரிவது அவருக்குத்தான். சந்தேகப்படும் முதலாளியிடம் அவர் அதைச் சொல்ல மாட்டார். கணக்கு நேராக இருந்தால் நேர்மையானவருக்கு அது காவல். அப்படி இல்லாதவர் இருந்தால் அதே கணக்கு அவரையும் காட்டிவிடும்.

செலவு எதுவரை?

பழுது பார்க்கும் பில்லை ஆண்டு மிச்சத்தோடு ஒப்பிட வேண்டும். நம் கணக்கில் ஆண்டு மிச்சம் 27,600 ரூபாய். 8,000 ரூபாய் வேலை மூன்றரை மாதத்தில் திரும்பிவிடும். அதைத் தள்ளிப்போடுவதுதான் நஷ்டம். 50,000 ரூபாய் வேலை என்றால் வண்டி இன்னும் இரண்டு ஆண்டாவது ஓடுமா, பாடியும் சேசிஸும் தாங்குமா, அடுத்த எஃப்.சி.க்கு என்ன ஆகும் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். சரக்கு வண்டியின் உதிரி பாகங்களுக்கும் பழுதுக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யை வழக்கமான முறையில் வரி கட்டுவோர் உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். ஆகவே பில் கேட்டு வாங்குங்கள். காருக்கும், காம்போசிஷன் திட்டத்தில் இருப்போருக்கும் அந்த வசதி இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்து, மறுபடி அளந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது பழுது என்று கடைசிவரை தெரியாது, அடுத்த முறையும் நான்கையும் மாற்ற வேண்டி வரும்.

இந்த மாதம் முதல் நாள்வழிப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, கிலோமீட்டர், லிட்டர், என்ன வேலை செய்தோம். மூன்று மாதம் எழுதிய கடைக்காரருக்குத் தன் வண்டியைப் பற்றி யாரும் கதை சொல்ல முடியாது.